பொறித்ததா, செதுக்கியதா?

கேள்வி: 'கோப்பையில் பெயர் பொறித்துத் தந்தார்கள்' என்று எழுதினேன். 'பொறி என்றால் எந்திரம். செதுக்கித் தந்தார்கள் என்பதே சரி' என்று நண்பர் திருத்துகிறார். எது சரி?

பதில்: நீங்கள் எழுதியதுதான். நண்பர் அகராதியைப் பாதியில் மூடிவிட்டார். புள்ளி, அடையாளம், முத்திரை, தீத்துளி, புலன், எந்திரம், எலி பிடிக்கும் கருவி என்று 'பொறி'க்குப் பொருள் நீண்டுகொண்டே போகும். எந்திரமும் பழைய பொருள்தான். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறந்தது மயிற்பொறி. அதற்காக மற்றவற்றைத் தள்ளிவிட முடியாது.

பட்டினப்பாலையைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்துறையில் பண்டங்கள் மீது 'புலி பொறித்து' வெளியே விடுகிறார்கள். பண்டப் பொதியைச் செதுக்கவா முடியும்? சோழனின் புலி முத்திரையை இடுகிறார்கள், அவ்வளவுதான். புறநானூறு 39-இல் சேரன் இமயத்தில் சூட்டிய வில் அடையாளம் 'விற்பொறி'. அங்கே மலை, இங்கே பொதி, சொல் ஒன்றே. எந்தக் கருவி, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் இந்தச் சொல்லுக்கு முக்கியமில்லை. இன்னாருடையது என்று காட்டும் குறி நிற்க வேண்டும்.

வெட்டுதல், செதுக்குதல், கீறுதல் ஆகியவை கை செய்யும் வேலையின் பெயர்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறியது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் மேற்பரப்பு வெளுத்து, கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். புள்ளியை அழுத்தி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். (பின்னால் பதிப்பிக்க வந்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை.)

முத்திரை வெட்டுவதில் தொல்லை வேறு. எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். அப்போதுதான் அரக்கில் அழுத்தும்போது நேராக விழும்; வெட்டிய பள்ளம் அங்கே மேடாகும். மறந்து நேராக வெட்டினால் 'ப' காப்பாற்றிவிடும், 'ட' காட்டிக்கொடுத்துவிடும்.

'பதித்தல்' வேறு. மோதிரத்தில் கல்லைப் பதிப்பார்கள், பெயரைப் பொறிப்பார்கள்.

ரகர றகரத்தையும் சொல்லிவிடுகிறேன், நண்பர் அடுத்து அங்கேதான் வருவார். அரிசி பொரிவதும் முட்டை பொரிந்து குஞ்சு வருவதும் இடையின ரகரம். 'பொறித்த மீன்' என்று உணவகப் பலகையில் கண்டால், அந்த மீன் மேல் யாரோ பெயர் வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

நண்பருக்கு ஒரு வேலை கொடுங்கள். 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்கிறது குறள் 618. பரிமேலழகர் அங்கே பொறிக்கு விதி என்று உரை சொல்கிறார். எந்திரம் என்று வைத்து நண்பர் ஓர் உரை எழுதி அனுப்பட்டும். அடுத்த இதழில் போடுகிறோம்.