வட்டமா, பெட்டியா? டி.எஃப்.டி. வராவிட்டால் புராஜெக்ட் சென்டருக்குப் போகலாமா?

கேள்வி: பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிஸ்டம் அனாலிசிஸ் அண்ட் டிசைன் பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. டெஃபனிஷன் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு அலுவலகத்தைச் சொல்லி, இதற்கு டேட்டா ஃப்ளோ டயக்ரம் (டி.எஃப்.டி., அதாவது தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படம்) வரை என்றால் கை ஓடவில்லை. புத்தகத்தில் வட்டம் போட்டிருக்கிறது, வகுப்பு நோட்ஸில் மூலை வளைந்த பெட்டி. எது சரி? அடுத்த வருடம் புராஜெக்ட் வேறு. தோழிகள் இருவர், காசுக்குப் புராஜெக்ட் செய்து கொடுக்கும் ஒரு சென்டரில் முன்பணம் கட்டிவிட்டு என்னையும் கூப்பிடுகிறார்கள். கறவை மாட்டு வருமானத்தில் படிக்கிற எனக்கு அது பெரிய தொகை. கட்டலாமா?
- ஒரு மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் வட்டத்தை முடித்துவிடலாம்.

இரண்டுமே சரி. படத்தில் ஒரு வேலையைக் குறிக்க, 1978-ல் டாம் டிமார்க்கோ என்ற நூலாசிரியர் வட்டம் போட்டார். 1979-ல் கேன், சார்சன் என்ற இருவர் மூலை வளைந்த பெட்டி போட்டார்கள். உங்கள் புத்தகம் முதலாமவர் வழி, நோட்ஸ் மற்றவர்கள் வழி. தேர்வில் எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே போடுங்கள். பாதி வட்டம், பாதி பெட்டி என்று கலந்தால்தான் மதிப்பெண் போகும். லெவல் ஜீரோவும் இதே கதைதான். முழு அமைப்பையும் ஒற்றை வட்டமாகக் காட்டும் கான்டெக்ஸ்ட் டயக்ரமைச் சில புத்தகங்கள் லெவல் ஜீரோ என்கின்றன. அதை உடைத்து வரையும் அடுத்த படத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டுபவர்களும் உண்டு. உங்கள் சிலபஸில் போட்டிருக்கும் புத்தகம் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வகுப்பிலேயே சொல்லக்கூடிய விஷயம் இது. ஆனால் வகுப்பில் சிலபஸ் 'முடிக்க' வேண்டுமே!

இந்தப் புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கக் கூடாது. அங்கே எஸ்.டி.எல்.சி. (ஒரு சிஸ்டம் உருவாகும் கட்டங்களின் வரிசை) உட்கார்ந்திருக்கும். ஒரு புத்தகத்தில் ஐந்து கட்டம், இன்னொன்றில் ஆறு, வேறொன்றில் ஏழு. எத்தனை என்பது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 'எஸ்.டி.எல்.சி.-யின் கட்டங்களை விளக்குக' என்று கேட்டுக் கேட்டே வினாத்தாள் தயாரிப்பவர்களின் காலம் ஓடிவிடுகிறது. ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்கிற வாட்டர்ஃபால் மாடலுக்கு மூலம் என்று எல்லோரும் காட்டுகிற 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில், வின்ஸ்டன் ராய்ஸ் அந்த நேர்கோட்டுப் படத்தைப் போட்டுவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து என்றும் எழுதினார். படம் மட்டும் நம் கைடுகளுக்கு வந்து சேர்ந்தது, எச்சரிக்கை வழியில் தொலைந்துவிட்டது.

நேராக டி.எஃப்.டி. அத்தியாயத்துக்குப் போங்கள். புத்தகத்தில் இருக்கும் உதாரணம் ஏதோ வெளிநாட்டு வீடியோ கடையாக இருக்கும். அதை விடுங்கள். உங்கள் வீட்டில் மாடு இருக்கிறது. ஊரில் பால் சங்கம் இருக்கும். காலையில் பால் ஊற்றும் நேரத்தில் அங்கே போய் ஓரமாக நின்று, யார் என்ன தகவல் கொடுக்கிறார்கள், அது எதில் எழுதப்படுகிறது, எந்தச் சீட்டு வெளியே வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

உறுப்பினர் எண்ணைச் சொல்கிறார். பாலை அளக்கிறார்கள், கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) பார்க்கிறார்கள், அன்றைய பதிவேட்டில் ஏறுகிறது, சீட்டு வருகிறது. விலைப் பட்டியல் மேலிருந்து வருவது. அன்றன்றைய கொள்முதல் கணக்கு மாவட்ட ஒன்றியத்துக்குப் போகிறது. பட்டுவாடா நாளில் தீவனக் கடனைப் பிடித்துக்கொண்டு மீதிப் பணம்.

இதை வரையும்போது பத்தில் எட்டுப் பேர் உறுப்பினரிடமிருந்து 'பால்' என்று ஒரு அம்புக்குறி போடுவார்கள். தப்பு. டி.எஃப்.டி.யில் பால் ஓடாது. 'பால் அளவு', 'தர விவரம்' இவைதான் ஓடும். கேனும் லாரியும் பணமும் இந்தப் படத்தில் கிடையாது, அவற்றைப் பற்றிய தகவல் மட்டும்தான் உண்டு. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்தது, 'தரம் குறைந்தால் திருப்பி அனுப்பு' என்று டைமண்ட் போடுவது. அது வேலையின் படிகளை வரிசையாகக் காட்டும் ஃப்ளோசார்ட்டின் பழக்கம். 'இப்படி என்றால் அப்படி' என்பதெல்லாம் டிசிஷன் டேபிளுக்குப் போக வேண்டியவை. சங்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் கொழுப்பு, எஸ்.என்.எஃப். விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு அந்த அத்தியாயத்தைப் படியுங்கள், ஒரே மூச்சில் புரியும்.

பிறகு ஒவ்வொரு வட்டத்தையும் சோதியுங்கள். 'பட்டுவாடா கணக்கிடு' என்று ஒரு வட்டம், அதிலிருந்து 'தீவனப் பிடித்தம்' வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனக் கடன் கணக்கிலிருந்து உள்ளே ஒரு அம்பு வருகிறதா? வரவில்லை என்றால் அந்தத் தொகை வானத்திலிருந்தா வந்தது? எக்ஸாமினர் கை வைக்கும் இடம் இதுதான். உறுப்பினரிடமிருந்து நேரே பதிவேட்டுக்கு அம்பு போகக் கூடாது, ஏனென்றால் அவரே வந்து எழுதுவதில்லை, நடுவில் ஒரு வட்டம் வேண்டும். பதிவேட்டிலிருந்து பதிவேட்டுக்கும் அப்படியே. கான்டெக்ஸ்ட் படத்தில் உள்ளே வந்த, வெளியே போன அம்புகள் அத்தனையும் அடுத்த லெவலிலும் இருக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் டி.எஃப்.டி. கேள்விக்குப் போதும். யூ.எம்.எல்., ஆப்ஜெக்ட் என்று வேறு வகைப் படங்களைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால், அவை உங்கள் சிலபஸில் இல்லாதவரை காதில் வாங்காதீர்கள்.

ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இதில்தான் சிக்குகிறார்கள். அமைப்புக்கு வெளியே இருந்து தகவல் தருபவரும் பெறுபவரும்தான் எக்ஸ்டர்னல் என்டிட்டி, படத்தில் அவர்களுக்குச் சதுரம். சங்கச் செயலாளர் எக்ஸ்டர்னல் என்டிட்டியா? இல்லை. பதிவேடு எழுதுவதும் கணக்குப் போடுவதும் அவர் வேலை, அவர் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறார், அவருக்குத் தனிச் சதுரம் கிடையாது. ஆனால் அந்தச் செயலாளர் வீட்டிலும் இரண்டு மாடு இருந்து, அவரும் காலையில் பால் ஊற்றினால்? அப்போது அவருடைய பால் விவரம் 'உறுப்பினர்' என்ற சதுரத்திலிருந்து வரும். ஆள் ஒருவரே, வேடம் இரண்டு. படத்தில் ஆளை வரைவதில்லை, வேடத்தைத்தான் வரைகிறோம். அதனால் 'செயலாளர் (உறுப்பினர்)' என்று புதிதாகச் சதுரம் போடக் கூடாது, 'உறுப்பினர்' என்ற ஒரே சதுரத்தில் அவரும் அடக்கம். அவரே மாதக் கடைசியில் நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை கொடுக்கிறார் என்றால், சதுரம் குழுவுக்கு, அவருக்கு அல்ல. சரி, அந்தக் குழுவில் அவரும் உட்கார்ந்திருந்தால்? அப்போதும் குழுவுக்குத்தான்.

இனி சென்டர் விஷயம். அங்கே விற்பது என்ன தெரியுமா? லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட், பே ரோல். அட்டையில் கல்லூரிப் பெயர் மாறும், உள்ளே அதே சரக்கு. 'எக்சிஸ்டிங் சிஸ்டம்: டைம் கன்சூமிங், பேப்பர் ஒர்க் அதிகம். ப்ரபோஸ்டு சிஸ்டம்: யூசர் ஃப்ரெண்ட்லி.' எந்த ரிப்போர்ட்டைப் பிரித்தாலும் இதே வரிகள். ஃபீசிபிலிட்டி ஸ்டடி (செய்ய முடியுமா, கட்டுபடியாகுமா என்ற ஆய்வு) என்று ஒரு பக்கம், அதில் ஒரு ரூபாய்க் கணக்குகூட இருக்காது. டி.எஃப்.டி. பக்கத்தில் 'லாகின்' என்று ஒரு வட்டம், 'அட்மின்' என்று ஒரு சதுரம், நடுவில் பெயரே இல்லாத அம்பு. அந்த அம்பில் என்ன போகிறது என்று கேட்டால் மாணவரும் முழிப்பார், விற்றவரும் முழிப்பார்.

'ரியல் டைம் புராஜெக்ட்', 'கம்பெனி சர்டிஃபிகேட்டோடு' என்பார்கள். மயங்காதீர்கள். அந்தக் கம்பெனியின் முகவரியைக் கேட்டால் சென்டரின் மாடிப்படியைக் காட்டுவார்கள். முன்பணம் வாங்கும்வரை தேன், வாங்கிய பிறகு 'கோடிங் நடக்கிறது'. ரிவ்யூவுக்கு முந்தின நாள் பென்டிரைவ், அதற்குக் கூடுதல் தொகை. ஒரு வகுப்பையே ஒரே ஆசிரியர் தலையில் கட்டி, அவரை எல்லாருக்கும் கைடு ஆக்கினால் மாணவர்கள் வேறெங்கே போவார்கள்? சென்டரின் விசிட்டிங் கார்டைத் துறையிலேயே நீட்டுகிற கல்லூரியையும் பார்த்திருக்கிறேன். வைவாவில் 'ஃப்ரன்ட் எண்ட் என்ன, பேக் எண்ட் என்ன' என்று கேட்டு அனுப்பிவிடும் எக்ஸாமினர்கள் இருக்கும்வரை அந்தக் கடைகளுக்கு மூடுவிழா இல்லை.

உங்களுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது: உங்கள் ஊர்ப் பால் சங்கக் கணக்கு. செயலாளரிடம் அனுமதி கேளுங்கள், வெற்றுச் சீட்டு ஒன்றும் பதிவேட்டுப் பக்கத்தின் மாதிரி ஒன்றும் வாங்குங்கள். பெயர்களும் கணக்கு எண்களும் வேண்டாம். அந்தச் சீட்டில் இருக்கும் கட்டங்கள்தான் உங்கள் டேட்டா டிக்ஷனரி (ஒவ்வொரு தகவலுக்கும் விளக்கம் தரும் பட்டியல்), பதிவேட்டின் தலைப்புகள்தான் டேபிள். கோடிங் சுமாராக இருந்தாலும் ரிப்போர்ட் உங்களுடையதாக இருக்கும், எந்த அம்பைக் கேட்டாலும் பதில் வரும்.

தோழிகளிடம் ஒன்று சொல்லுங்கள். கட்டிய முன்பணத்தை எழுத்தில் கேட்கட்டும், ரசீது இருந்தால் நகலை இணைக்கட்டும். திரும்பி வராவிட்டாலும் மீதித் தொகையைக் கட்ட வேண்டாம். 'சர்டிஃபிகேட் போட வேண்டும்' என்று ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலைக் கேட்கும் ஆட்களும் உண்டு. அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் இந்த வாரமே வாங்கிவிடச் சொல்லுங்கள்.