வானம் பார்த்த கேள்விகள்

"பெரம்பலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் மழை" என்று செய்தியில் தினமும் சொல்கிறார்கள். சித்திரை பிறந்து பத்து நாளாகியும் எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி வரப்பு உடையக் கொட்டியிருக்கிறது. இதை நம்பி எப்படி ஐயா வெள்ளாமை பார்ப்பது?
– செட்டிகுளம் வாசகர்

ஒரு பண்ணையில் 29 ஆண்டுகள், காலை 8.30 மணிக்கு மழைமானியைத் திறந்து அளந்தவன் நான். பண்ணையின் கிழக்கு வேலியோரம் கால் புதையும் சேறாக இருக்கும். மேற்கே இருக்கும் மானியில் ஒரு சொட்டு இருக்காது. இப்படி எத்தனையோ நாள் நோட்டில் சுழியம் எழுதியிருக்கிறேன்.

'ஓரிரு இடங்கள்' என்பதற்கு வானிலைத் துறையில் ஒரு கணக்கு உண்டு. மழை அளக்கும் இடங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகும் என்று அர்த்தம். அதாவது நாலு ஊரில் மூன்று ஊராவது காய்ந்துதான் கிடக்கும். 'பெரும்பாலான இடங்களில்' என்று சொன்னால் நூற்றுக்கு 75-க்கு மேல். கோடையில் அந்த வார்த்தையை அபூர்வமாகத்தான் கேட்பீர்கள்.

காரணம் இதுதான். ஏப்ரல் 20 வாக்கில் உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. கரிசல் காய்ந்து, அனல் மேலே கிளம்புகிறது. பச்சைமலைச் சரிவில் மதியமே மேகம் முளைத்துவிடும். சாயங்காலம் கிழக்கேயிருந்து கடலின் ஈரக்காற்று உள்ளே வரும். அது அனல்காற்றோடு முட்டுகிற இடத்தில் மேகம் கோபுரமாக எழும்பும். அப்படி ஒரு மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான்; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இது எந்த ஊர்த் தலைமேல் எழும்பும் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது. காலை அறிவிப்பை 'இன்றைக்குத் தயாராக இரு' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று மாவட்டவாரியாக வருகிற அறிவிப்பு மதியத்துக்கு மேல் கைபேசியில் கிடைக்கும். அதைப் பாருங்கள், கூடவே வானத்தையும் பாருங்கள்.

களத்தில் எள் காய்கிறது. மழை வருமா வராதா என்று எதை வைத்து முடிவெடுப்பது?
– வேப்பந்தட்டை வாசகி

நான் முதலில் காற்றைப் பார்ப்பேன். காலையிலிருந்து மேற்கேயிருந்து வரும் மேல்காற்று வறட்சியாக, விடாமல் அடித்தால் அன்றைக்கு எள்ளைக் காயவிடலாம். காற்றே இல்லாமல் சட்டை முதுகில் ஒட்டினால் மதியம் இரண்டு மணிக்கே தார்ப்பாயைக் களத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மேகம் பூக்கோசு போல ஓரம் கூராகத் திரண்டு உயர்ந்தால் அது இன்னும் வளர்கிறது. தலை தட்டையாகப் பரவிவிட்டதென்றால் இடியும் மழையும் எங்கோ ஆரம்பித்தாயிற்று. திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், பக்கத்தில் கொட்டுகிற மழையின் காற்று அது. அதற்கப்புறம் உங்களுக்குச் சில நிமிடம்தான். சாக்கு தேட நேரம் இருக்காது.

மழையைவிட முதலில் வருகிற காற்றுதான் சேதம் செய்யும். தார்ப்பாயின் நாலு மூலையிலும் மணல் மூட்டை வையுங்கள். வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போட்டிருப்பவர்கள் மேலே மூடிய கீற்றைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

ஒரு மழை பெய்தது. உழலாமா?
– குன்னம் வாசகர்

கையால் தோண்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தால் அது உழவு மழை. கரிசலில் மறுநாளே ஏரை இறக்காதீர்கள். மண் உருண்டையாகப் பிடிபடாமல் பொலபொலவென உதிர்கிற பதம் வரட்டும். 20 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 80,000 லிட்டர் தண்ணீர். சரிவுக்குக் குறுக்கே உழுதால் அடுத்த மழைத் தண்ணீர் ஓடாமல் உங்கள் நிலத்திலேயே இறங்கும்.

என் அம்மா ஆடு மேய்க்கிறார். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். மின்னல் வந்தால் மரத்தடியில்தான் நிற்பேன் என்கிறார். நான் சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் படித்துக் காட்டுவேன்.
– கல்லூரி மாணவி, ஆலத்தூர் வட்டம்

அம்மா, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எனக்குப் பதினோரு வயதில் எங்கள் வீட்டு எருது வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. ஒரே ஒரு இடி. போய்ப் பார்த்தால் மரத்தில் உச்சியிலிருந்து வேர் வரை பட்டை உரிந்து ஒரு கோடு. எருது மேல் காயமே இல்லை, படுத்திருப்பதைப் போலக் கிடந்தது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மரத்தில் இறங்கிய மின்சாரம் வேர் வழியாகத் தரையில் பரவும். முன்கால் ஓரிடம், பின்கால் ஓரிடம் என்று மாடு அகலமாக நிற்பதால் அதன் உடம்பு வழியாகப் பாயும். நீங்கள் மரத்தடியில் நின்றால் மரத்திலிருந்து உங்கள் மேலேயே தாவும்.

இடிச் சத்தம் கேட்டதுமே ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மின்னி மூன்று எண்ணுவதற்குள் இடித்தால் ஒரு கிலோமீட்டர்தான்; முப்பது எண்ணினால் பத்து கிலோமீட்டர், அதுவும் பக்கம்தான். தொரட்டியைக் கீழே போட்டுவிடுங்கள், அது போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கம்பி வேலி, மோட்டார்க் கொட்டகைச் சுவர் இரண்டையும் தொடாதீர்கள். காங்கிரீட் வீடோ, பள்ளிக்கூடமோ கிடைத்தால் உள்ளே போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். எதுவுமே இல்லாத வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் மரத்தை விட்டு விலகி, பள்ளமான இடத்தில் இரண்டு பாதமும் ஒட்டக் குந்துங்கள். படுக்காதீர்கள். குந்துவதால் ஆபத்து போய்விடாது, குறையும். அதனால்தான் முதல் இடிக்கே கிளம்பச் சொல்கிறேன்.

மகளுக்கு ஒரு வேலை. உன் போனில் 'தாமினி' செயலியை வைத்துக்கொள். பக்கத்தில் 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதை அது காட்டும். பார்த்ததும் அம்மாவைக் கூப்பிடு. அவர் பட்டன் போனுக்கு அது போதும்.

மின்னல் அடித்தவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா?
– லப்பைக்குடிகாடு வாசகர்

அடிக்காது. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. இந்தப் பயத்தால் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.