ஹெலிகாப்டரில் சுட்டும் குறையாத பன்றிகள்: வாசகர் கேள்வி–பதில்

உடுமலைப்பேட்டை வாசகர்: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹெலிகாப்டரில் பறந்தபடியே காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி உண்டு என்று அங்கிருக்கும் உறவினர் கூறுகிறார். அப்படியிருந்தும் அவை ஏன் குறையவில்லை?

உறவினர் கூறியது உண்மைதான். 2011-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, நில உரிமையாளரின் சம்மதத்துடன் ஹெலிகாப்டரிலிருந்து பன்றிகளைச் சுடலாம். இதற்கெனப் பணம் கட்டிப் பறக்க வருபவர்களும் உண்டு. 2019 முதல் தனியார் நிலத்தில் பன்றியைச் சுடுவதற்கு வேட்டை உரிமமே தேவையில்லை.

பலன் கிட்டாததற்கு முதற்காரணம் அவற்றின் இனப்பெருக்க வேகம். பெட்டைப் பன்றி ஒரு வயது நிறைவதற்குள்ளேயே பருவமடைந்துவிடுகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள்தான். ஓர் ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் வரை பிறக்கும். ஆகவே தொகை மேலும் ஏறாமல் நிறுத்துவதற்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பன்றிகளை அகற்ற வேண்டியிருக்கும் என்று டெக்சாஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பொழுதுபோக்கு வேட்டையால் அந்த அளவை எட்ட முடிவதில்லை.

இரண்டாவது காரணம் மனிதர்கள். பன்றிகளைக் குறைக்கும் நோக்கத்துடன் டென்னஸி மாநிலம் 1999-இல் எல்லா மாவட்டங்களிலும் எண்ணிக்கை வரம்பில்லாத வேட்டைக்கு வழிவிட்டது. அதுவரை சில மாவட்டங்களில் மட்டுமே இருந்த பன்றிகள், அடுத்த பத்தாண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல இடங்களில் தோன்றின. தங்கள் ஊருக்கு அருகிலேயே வேட்டையாட வேண்டும் என்ற ஆசையில் சிலர் பன்றிகளை உயிருடன் பிடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டதே இதற்குக் காரணம். 2011-இல் அம்மாநிலம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு, வேட்டை விலங்குகளின் வரிசையிலிருந்தே பன்றியை நீக்கியது. மிசௌரி மாநிலமும் 2016 முதல் தன் வனவிலங்குத் துறைக்குரிய நிலங்களில் பன்றி வேட்டையைத் தடைசெய்துவிட்டது. ஒழிக்க வேண்டிய விலங்கைச் சுடக் கூடாது என்பது கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், ஒரு பிராணியை விளையாட்டுப் பொருளாக்கிவிட்டால் அது தீர்ந்துபோவதை விளையாடுபவர் விரும்பமாட்டார் என்ற நடைமுறை அறிவு அந்தத் தடையில் இருக்கிறது.

தேனி வாசகி: அமெரிக்காவுக்குப் பன்றி எப்படி வந்தது?

அமெரிக்கக் கண்டங்களில் இந்த இனப் பன்றி இயற்கையாக இருந்ததில்லை. 1539-இல் ஸ்பானியத் தளபதி ஹெர்னாண்டோ டி சோட்டோ தம் படையின் உணவுக்காக ஃபுளோரிடாவில் இறக்கிய பன்றிகளிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். தப்பியும் மேய்ச்சலுக்கு விடப்பட்டும் வளர்ப்புப் பன்றிகள் காடேறின. 1912-இல் வட கரோலினாவில் வேட்டைப் பண்ணை ஒன்றுக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் வரவழைக்கப்பட்டு, அவையும் பின்னர் வேலியைத் தாண்டின. இரண்டும் ஒரே இனமாதலால் கலந்து பெருகி, இன்று ஏறத்தாழ 35 மாநிலங்களில் 60 லட்சத்துக்கு மேல் இருப்பதாக அந்நாட்டு வேளாண்மைத் துறை மதிப்பிடுகிறது.

ஈரோடு வாசகர்: பயிர் அழிவைத் தவிர வேறு பாதிப்புகள் உண்டா?

உண்டு. புரூசெல்லோசிஸ் போன்ற நோய்களை அவை கால்நடைகளுக்கும், வெறுங்கையால் இறைச்சியை அறுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் பரப்பக்கூடும். 2006-இல் கலிபோர்னியாவில் விளைந்த பசலைக்கீரையால் பலர் ஈ.கோலை தொற்றுக்கு ஆளானபோது, அதே கிருமி அந்தப் பகுதியின் மாடுகளிடமும் ஆற்று நீரிலும் காடேறிய பன்றிகளிடமும் கண்டறியப்பட்டது.

இன்னும் வியப்பான பாதிப்பு கலிபோர்னியக் கடலோரத்துக்கு அப்பாலுள்ள சான்டா குரூஸ் தீவில் நிகழ்ந்தது. அங்கே பூனையளவே உள்ள தீவு நரி வாழ்கிறது. பன்றி அந்த நரியை நேரடியாக எதுவும் செய்யவில்லை. ஆனால் பன்றிக்குட்டிகள் ஆண்டு முழுவதும் கிடைத்ததால் பெருநிலத்திலிருந்து வந்த பொன்னிறக் கழுகுகள் தீவிலேயே தங்கிவிட்டன. தங்கிய கழுகுகள் நரிகளையும் தூக்கத் தொடங்க, 2000-ஆம் ஆண்டளவில் நரிகளின் எண்ணிக்கை நூறுக்கும் கீழே போயிற்று.

நாகர்கோவில் வாசகி: பன்றிகளை முற்றிலும் ஒழித்த இடம் எங்காவது உண்டா?

மேலே சொன்ன சான்டா குரூஸ் தீவே அதற்குச் சான்று. பன்றிகளை முதலில் அகற்றினால் பசித்த கழுகுகள் எஞ்சிய நரிகளின் மீதே பாயும் என்பதால், 1999 முதலே கழுகுகளைப் பிடித்து வேறிடத்துக்கு அனுப்பினார்கள். நரிகளைக் கூண்டில் வைத்து இனம் பெருக்கினார்கள். பிறகு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவை வேலியால் ஐந்து பகுதிகளாகப் பிரித்து, 2005, 2006-ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு பகுதியாகக் கூண்டு, ஹெலிகாப்டர், வேட்டைநாய் ஆகியவற்றைக் கொண்டு 5,036 பன்றிகளை அகற்றினார்கள். ஒளிந்திருக்கும் கடைசிப் பன்றிகளைக் கண்டுபிடிக்க, சில பன்றிகளின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டார்கள். கூட்டத்தைத் தேடிச் செல்லும் இயல்பால் அவையே மற்றவற்றைக் காட்டிக்கொடுத்தன. 2016-இல் அந்த நரி அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

டெக்சாஸிலும் ஹெலிகாப்டர்தான், அந்தத் தீவிலும் ஹெலிகாப்டர்தான். தீவில் வேலி இருந்தது, மீண்டும் கொண்டுவந்து விட ஆளில்லை, ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை என்ற முடிவும் இருந்தது. பெருநிலத்தில் இதற்கு ஓரளவு ஈடாவது முழுக்கூட்டத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் முறை. பட்டி போன்ற பெரிய கூண்டை அமைத்து, கதவைத் திறந்து வைத்து, மக்காச்சோளம் போட்டுப் பல நாள் பழக்குகிறார்கள். கேமராவில் கூட்டம் முழுவதும் உள்ளே வந்தது தெரிந்த பிறகே தொலைவிலிருந்து கதவை வீழ்த்துகிறார்கள். அவசரப்பட்டு நான்கைந்தைப் பிடித்தால், வெளியே நின்றவை பிறகு கூண்டின் பக்கமே எளிதில் வருவதில்லை.

கரூர் வாசகர்: விஷம் வைத்தால் வேலை முடிந்துவிடாதா?

2017-இல் டெக்சாஸில் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வார்ஃபரின் கலந்த இரைக்கு அனுமதி கிடைத்தது. எதிர்ப்பும் வழக்கும் எழவே, தயாரித்த நிறுவனமே அப்போது பின்வாங்கிக்கொண்டது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்யும் சோடியம் நைட்ரைட்டை அங்கே சோதித்தபோது, பன்றிகள் சிந்திய துணுக்குகளைத் தின்று பறவைகள் இறந்தன. விஷத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பழநி வாசகர்: இவற்றை நம் ஊருக்கும் பொருத்தலாமா?

முழு ஒழிப்பு என்ற இலக்கைப் பொருத்த முடியாது. இங்கே காட்டுப்பன்றி மண்ணுக்குரிய விலங்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. விவசாயிக்கு நேரும் இழப்பு அதனால் குறைந்துவிடாது என்பதும் உண்மை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். நடுப்பகுதியில் கூண்டு வைப்பவர்கள் கூட்டம் முழுவதும் உள்ளே வரும்வரை பொறுத்திருப்பது இங்கும் தேவைப்படும்.