டிகம்ப்ரஷன்: நோயா, சிகிச்சையா?

கேள்வி: ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கு டிகம்ப்ரஷன் நோய் வரும் என்கிறார்கள். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்கும், கணினிக் கோப்பைப் பிரிப்பதற்கும் அதே பெயர்தான். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா?

பதில்: கணினியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே: இருந்த அழுத்தம் குறைகிறது. எங்கே, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையாகவோ தீமையாகவோ முடிகிறது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 30 மீட்டரில் இருப்பவர் நான்கு மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார்; அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேருகிறது. நிதானமாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டாலோ, உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிந்து, மூட்டுகளில் கடும் வலியையும், தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால்கள் செயலிழப்பதையும் உண்டாக்கும். நியூயார்க்கின் ப்ரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்துவிட்டு வெளியே வந்த தொழிலாளர்கள் பலரை இந்நோய் தாக்கியது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் அதனால் முடங்கினார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று ஏற வேண்டும் என்ற அட்டவணையை, ஆடுகளை வைத்துச் சோதித்து, உடலியல் ஆய்வாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் குழுவினர் 1908இல் வெளியிட்டனர். நோய் கண்டவரை அழுத்த அறைக்குள் வைத்து, அழுத்தத்தை மீண்டும் கூட்டி, ஆக்சிஜன் கொடுத்து, பின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைப்பதே இன்றும் சிகிச்சை. ஆக, நோய்க்குக் காரணமான அழுத்தக் குறைவே, நிதானமாக நடந்தால் தீங்கில்லாமல் முடிகிறது.

பயணிகள் விமானத்தில் நிலைமை தலைகீழ். உயரப் பறக்கையில் உள்ளறையின் காற்று வெளியேறிவிட்டால், குமிழிகளைவிட ஆக்சிஜன் பற்றாக்குறையே முதல் ஆபத்து. அதனால்தான் முகமூடிகள் கீழே விழுகின்றன, விமானியும் விரைந்து கீழே இறங்குகிறார். முகமூடிக்கும் வழியில்லாத விண்வெளியில், 1971 ஜூனில் சோயுஸ் 11 கலத்தின் வால்வு ஒன்று திறந்துகொண்டதால் மூன்று வீரர்களும் உயிரிழந்தனர்.

அறுவை மருத்துவர் செய்வது வேண்டுமென்றே செய்யும் அழுத்தக் குறைப்பு. நரம்பை நெருக்கும் எலும்பையோ, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் (டிஸ்க்) பகுதியையோ அகற்றுகிறார். மூளை ஆபத்தான அளவுக்கு வீங்கினால் மண்டையோட்டின் ஒரு பகுதியையே தற்காலிகமாக எடுத்துவிடுவதும் உண்டு. நிலவியலில் இன்னும் வியப்பு: பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் சூடான பாறை, கூடுதல் வெப்பம் எதுவும் இல்லாமல், அழுத்தம் குறைவதாலேயே உருகத் தொடங்குகிறது.

கணினியில் அழுத்தம் என்று எதுவும் இல்லை; சுருக்கி எழுதிய தரவை விரித்து எழுதுவதே அங்கு நடக்கிறது. ஜிப் கோப்பு ஓர் எழுத்தும் குறையாமல் திரும்பக் கிடைக்கும். வழக்கமான ஜேபெக் படத்திலோ, சுருக்கும்போது கழித்த நுணுக்கங்கள் மீண்டும் கிடைப்பதில்லை.