அஞ்சாவது கால் (கடிதமும் பதிலும்)

வணக்கங்க சார்,

பொண்ணு மியூனிக்ல இருக்கா, ஆகஸ்ட்ல அங்க போறோம். அவ்வளவு தூரம் வந்துட்டு ரோமைப் பாக்காம போறதான்னு மாப்பிள்ளை 12ம் தேதில இருந்து நாலு நாளைக்கு ட்ரெவி நீரூற்றுப் பக்கத்துலயே ரூம் பாத்து வச்சிருக்கார், இன்னும் பணம் கட்டலை. நீங்க ரோம்ல கார்பத்தெல்லாங்கிற ஏரியால தங்குனதா போன மாசம் ஒரு வரி எழுதியிருந்தீங்க. அதை வீட்ல படிச்சுக் காமிச்சா "காசையும் குடுத்துட்டு ஊருக்கு வெளிய போய்த் தங்கறதா, நாலு பேரு கேட்டா என்னத்தைச் சொல்றது"ங்கறாங்க என் சம்சாரம். எனக்கு 62 வயசு, முட்டி வலி, கூட்டம் ஆகாது. அவங்க சைவம், நான் எல்லாம் சாப்பிடுவேன். நெசமாவே தள்ளித் தங்குனா நல்லாருக்குமா, இல்ல எழுதறவங்க வித்தியாசமாத் தெரியணும்னு சொல்றதுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

தப்பா எல்லாம் எடுத்துக்கல, அந்தக் கடைசிக் கேள்வில பாதி உண்மையும் இருக்கு. எல்லாரும் போற இடத்துக்கு நான் போகலைன்னு சொல்லிக்கிறதுல ஒரு அல்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்யுது. ஆனா நான் தள்ளிப் போனது அதுக்காக இல்ல, தூக்கத்துக்காக. முதல் தடவை போனப்போ ட்ரெவிக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் ரூம். கல் பாவுன தெருங்க அது, ராத்திரி ரெண்டு மணிக்கும் யாராவது ஒருத்தர் சூட்கேஸை இழுத்துட்டுப் போவாங்க, கடகடகடன்னு அந்தச் சக்கரம் காதுக்குள்ளயே உருளும், காலைல கண்ணு எரிய எழுந்து போனா நீரூற்று தெரியாது, முன்னாடி நிக்கிறவங்க தூக்கிப் புடிச்ச செல்போன்ல தெரியுற குட்டி நீரூற்றுதான் தெரியும்.

ரெண்டாவது தடவைதான் கார்பத்தெல்லா. கொலோசியத்துல மெட்ரோ பி லைன் ஏறினா மூணாவது ஸ்டேஷன், அவ்வளவுதான் தூரம். 1920 பிப்ரவரில அந்த ஊர் ராஜா அடிக்கல் நாட்டி தொழிலாளிகளுக்காகக் கட்ட ஆரம்பிச்ச குடியிருப்பு. நாலஞ்சு வீடு சேந்து நடுவுல ஒரு பொது முற்றம், அதுல துணி காயப்போட வரிசையா கொடி, பூச்செடி, ஒரு பெஞ்சு, பெஞ்சுல ரெண்டு பாட்டிங்க. நம்ம ஹவுசிங் போர்டு மாதிரின்னு சொல்லலாம்தான், ஆனா இங்க ஜன்னலுக்கு மேல கூட யாரோ ஆசைப்பட்டு வேலைப்பாடு வச்சிருக்காங்க.

உங்க வீட்ல "ஊருக்கு வெளிய"ன்னு சொன்னாங்க இல்லையா, அவங்க தெரியாம சரியான வார்த்தையைத்தான் சொல்லியிருக்காங்க. சர்வாதிகாரி முசோலினி கொலோசியம் வரைக்கும் ராணுவ அணிவகுப்பு போறதுக்கு நேரா அகலமா ஒரு ரோடு போட்டார், 1932ல திறந்தாங்க. அந்த மாதிரி வேலைகளுக்காக நடு ஊர்ல தலைமுறை தலைமுறையா இருந்த தெருக்களையே இடிச்சாங்க, அங்க இருந்து கிளப்பி விட்ட குடும்பங்கள்ல ஒரு பகுதியைக் கொண்டு வந்து வச்சது இந்த கார்பத்தெல்லாலதான், 'ஆல்பெர்கோ'ன்னு பேரு போட்ட பெரிய பெரிய கட்டடங்கள்ல. ஆல்பெர்கோன்னா ஹோட்டல்னு அர்த்தம், வீட்டை இடிச்சுட்டு ஹோட்டல்னு பேரு வச்சிருக்காங்க பாருங்க. கூவம் ஓரத்துல இருந்தவங்களை லாரில ஏத்திக் கண்ணகி நகர்லயும் பெரும்பாக்கத்துலயும் கொண்டு போய் விட்டதைப் பாத்தவங்களுக்கு இது புதுக்கதை இல்ல. அதனால அந்த முற்றங்களைப் பாக்கப் போனா கேமராவை உள்ள வச்சுட்டுப் போங்க. நான் கொடில தொங்குற துணியைப் படம் எடுத்தப்ப பெஞ்சுல இருந்த ஒரு பாட்டி ஒண்ணுமே சொல்லாம எழுந்து வந்து அவங்க உள்பாவாடையை மட்டும் எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க, அன்னைக்கு எனக்கு வந்த வெக்கம் இன்னும் போகலை.

ஆனா உங்களுக்கு நான் கார்பத்தெல்லாவைச் சொல்ல மாட்டேன், மேடும் படிக்கட்டுமா இருக்கும், முட்டி தாங்காது. ஒரு ஸ்டேஷன் முன்னாடி பிரமிதேன்னு வரும், அங்க இறங்கினா தெஸ்தாச்சோங்கிற ஏரியா, சமதளம். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததுமே நிஜமா ஒரு பிரமிடு நிக்கும், கெஸ்தியுஸ்னு ஒரு ரோமானியப் பணக்காரனுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி அவன் உயில்படி கட்டின சமாதி. 330 நாள்ல முடிச்சாச்சுன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க (நம்ம காண்ட்ராக்டருங்க யாரும் இந்தக் கல்வெட்டைப் படிச்சிடக் கூடாது). அதுக்கு ஒட்டினாப்ல இருக்கற கல்லறைத் தோட்டத்துலதான் கவிஞர் கீட்ஸ் இருக்கார், 25 வயசுல போயிட்டார், கல்லுல அவர் பேரே இருக்காது. அதே தோட்டத்துல இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியும் இருக்கார். சிறுபத்திரிகை படிச்சு வளந்த ஆளுன்னா அங்க ஒரு பத்து நிமிஷம் சும்மா நிக்கத் தோணும். பூனை நிறைய.

அடுத்து ஒரு குன்று இருக்கு, மோந்தே தெஸ்தாச்சோ, ஏரியாவுக்குப் பேரே அதுல இருந்துதான். சுமார் 35 மீட்டர் உயரம், முழுக்க முழுக்க உடைஞ்ச சாடிங்க. ஸ்பெயின்ல இருந்தும் வட ஆப்பிரிக்காவுல இருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த மண்சாடி, எண்ணெய் ஊறிச் சிக்கு வாடை வந்துடும், திரும்ப உபயோகிக்க முடியாது, உடைச்சு அடுக்கி மேல சுண்ணாம்பு தூவிட்டே வந்திருக்காங்க, அப்படியே ஒரு மலை. கோடிக்கணக்குல சாடிங்க. நம்ம அரிக்கமேட்டுல அந்த ரோமானியச் சாடியோட ஓடு கிடைச்சதுக்கு எத்தனை புஸ்தகம், எத்தனை பேச்சு! இங்க அது குப்பைமேடு. மேல ஏற முன்அனுமதி வேணும், சுத்தி நடந்தாலே போதும், சில ஹோட்டல்ல பின்சுவத்துக்குக் கண்ணாடி போட்டு அடுக்கடுக்கா அந்த ஓடுங்களைக் காமிப்பாங்க.

இப்ப சாப்பாடு. 'எல்லாம் சாப்பிடுவேன்'னு நீங்க எழுதினதைப் பாத்ததும்தான் தெஸ்தாச்சோன்னு முடிவே பண்ணேன். 1888ல இருந்து 1975 வரைக்கும் ரோமோட ஆடுதொட்டி இங்கதான் இருந்துச்சு. நல்ல கறியெல்லாம் பெரிய மனுஷங்களுக்குப் போயிடும், வெட்டுறவங்களுக்குக் கூலில ஒரு பங்கா குடல், வால், ஈரல் இதெல்லாம் குடுப்பாங்க, அதுல பொறந்த சமையலுக்கு 'அஞ்சாவது கால்'னு பேரு, அதாவது உருப்படியை நாலு காலாப் பங்கு போட்டது போக மிஞ்சினது. தமிழ்ல கால்னு சொன்னா ரெண்டு விதமாவும் பொருந்துது. திரிப்பா ஆல்லா ரொமானான்னு கேளுங்க, போட்டியைத் தக்காளில வேகவச்சு புதினா மாதிரி ஒரு இலையும் சீஸ் துருவலும் போட்டுத் தருவாங்க. மிளகாய்க் காரத்தை எதிர்பாக்காதீங்க, குடல் குழம்பு நினைப்போட போனா ஏமாந்துடுவீங்க. வால் கறியும் உண்டு, கோதா ஆல்லா வச்சினாரா, எல்லாமே மாடுதான், அது உங்களுக்குச் சம்மதமான்னு பாத்துக்கங்க.

சம்சாரத்துக்கு ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுங்க. ரோம்ல சைவம்னு நம்பி எல்லாரும் சாப்பிடுற காச்சோ எ பெப்பேங்கிற சீஸ்-மிளகு பாஸ்தால போடுற பெக்கோரினோ சீஸை உறைய வைக்கிறது ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற பொருளை வச்சு. அதைப் பாக்கறவங்கன்னா பீட்சா மரினாரா கேளுங்க, தக்காளி பூண்டு மட்டும்தான், சீஸே கிடையாது. மார்க்கெட் பக்கத்துலயே இருக்கு, பழம் தக்காளி வாங்கிக்கலாம். தெருவுல இரும்புக் குழாய்ல தண்ணி விழுந்துட்டே இருக்கும், மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கும், நசோனேன்னு பேரு, நம்பிக் குடிக்கலாம், கீழ விரலால அடைச்சா மேல ஒரு ஓட்டை வழியா வாய்க்கு நேரா பீச்சும். பாட்டில் தண்ணிக்குக் காசு செலவு பண்ணாதீங்க.

ட்ரெவியைப் பாக்க வேண்டாம்னு நான் சொல்லலை, நாலு பேருக்குப் பதில் சொல்லணும் இல்ல. காலைல அஞ்சரைக்கே மெட்ரோ ஓட ஆரம்பிச்சுடும். ஆறேகாலுக்குப் போனா நீங்க, தண்ணி, குப்பை அள்றவங்க, ஒண்ணு ரெண்டு கல்யாண ஜோடி போட்டோகிராபரோட, அவ்வளவுதான் இருப்பாங்க. பாத்துட்டு ஒன்பது மணிக்கெல்லாம் தெஸ்தாச்சோ திரும்பி காபி குடிச்சுட்டு ஒரு தூக்கம் போடலாம். சாயங்காலம் மெட்ரோல ஒரே ஒரு ஸ்டேஷன் போய் மோந்தெமார்தினி மியூசியம் பாருங்க, கார்பத்தெல்லா ஸ்டேஷன்ல இருந்து கொஞ்ச தூரம்தான். 1912ல ஆரம்பிச்ச மின்சார நிலையம், கருப்புக் கருப்பா ராட்சச டீசல் எஞ்சினுங்க அப்படியே நிக்குது, அதுக்கு முன்னாடி வெள்ளைப் பளிங்குச் சிலைங்க. திங்கக்கிழமை லீவு. வாட்டிகன் மியூசியத்துல தோள் இடிச்சு நடந்த ஆளுக்கு அங்க இருக்கற அமைதி எவ்ளோ பெருசுன்னு புரியும்.

ஏர்போர்ட்ல இருந்து வர்றப்போ தெர்மினிங்கிற மெயின் ஸ்டேஷனுக்குப் போற எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை எடுத்துடாதீங்க. எஃப்எல்1ன்னு சாதாரண ரயில் ஒண்ணு இருக்கு, விலை கம்மி, ஓஸ்தியென்சே ஸ்டேஷன்ல நிக்கும், அங்க இருந்து தெஸ்தாச்சோ பக்கம்.

இவ்ளோ எழுதினதுக்கு அப்புறம்தான் உங்க தேதியைக் கவனிச்சேன். ஆகஸ்ட் 15 அவங்களுக்குப் பெரிய லீவு, அந்த வாரம் முழுக்க ரோம்காரங்க கடலுக்கோ மலைக்கோ கிளம்பிடுவாங்க, நடு ஊர்ல கடை எல்லாம் திறந்திருக்கும் ஏன்னா அது டூரிஸ்ட்டுக்கான கடை, தெஸ்தாச்சோ மாதிரி ஜனங்க குடியிருக்கற ஏரியாலதான் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், போட்டி விக்கற கடை உட்பட. வெயிலும் நம்ம ஈரோட்டுக்குச் சளைச்சதில்ல. செப்டம்பர் கடைசிக்குத் தள்ள முடியுமான்னு மாப்பிள்ளைகிட்ட கேளுங்க. முடியாதுன்னா தெஸ்தாச்சோலயே ரூம் போடுங்க, ஆனா ஏசி இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டுட்டுப் பணம் கட்டுங்க.