பூனையின் காதோரத்தில் வட்டம், நாயின் காதில் நாற்றம்

கேள்வி: பாம்பனில், கருவாடு காயப்போடும் களத்தை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. பூனைக்குட்டிக்குக் காதோரத்தில் முடி கொட்டி, வட்டமாகச் செதில் உதிர்கிறது. மகளின் முன்கையிலும் சிவந்த வளையம் ஒன்று தெரிகிறது. நாய்க்குக் காதில் அரிப்பும் நாற்றமும் உள்ளன. இரண்டையும் கடலில் குளிப்பாட்டச் சொல்கிறார் மாமனார். மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்டைத் தடவலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: ஆயின்மென்டை நிறுத்திவையுங்கள். கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் பல கலவை மருந்துகளில் பூஞ்சைக்கொல்லியோடு குளோபெட்டாசால் போன்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கிக் குணமானது போலக் காட்டும், பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டிருக்கும். போதாததற்கு, தடவியதைப் பூனை நக்கி விழுங்கிவிடும்.

குட்டிக்கு வந்திருப்பது பெரும்பாலும் படர்தாமரைதான். பூனைகளில் இதற்கு முக்கியக் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சை. மனிதருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எளிதில் தொற்றும். ஆகவே மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டும்போது வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். கால்நடை மருத்துவர் இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்னும் புற ஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், நோயுற்ற முடியின் அடித்தண்டு இளம்பச்சையாக ஒளிரக்கூடும். ஒளிராவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல; முடியைப் பிடுங்கி, அதில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், முடிவு தெரிய இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம்.

எடைக்கேற்ற அளவில் இட்ராகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தும், வாரம் இருமுறை சுண்ணாம்பு-கந்தகக் கரைசலில் உடல் முழுவதும் நனைப்பதும் நல்ல பலன் தரும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் கரைசல் அது. கருவாட்டு வாடைக்குப் பழகிய வீட்டாருக்குப் பெரிதாகத் தோன்றாது. முடி முளைத்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. மறுசோதனையில் பூஞ்சை இல்லை என்று தெரியும்வரை தொடர வேண்டும். உதிர்ந்த முடியில் ஒட்டியுள்ள பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால், வீட்டைச் சுத்தம் செய்வதும் சிகிச்சையில் பாதி. விளக்குமாற்றால் கூட்டினால் முடி பறந்து பரவும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, தரையைச் சோப்புநீரால் நன்றாகக் கழுவியபின் நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். குட்டி படுத்த விரிப்புகளைத் தனியே துவையுங்கள். குணமாகும்வரை அதை ஓர் அறையில் வைத்திருப்பது நல்லது. நாயையும் படர்தாமரைக்காக ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

நாயின் காதுத் தொல்லை வேறு வகையாக இருக்கலாம். மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை இயல்பாகவே நாயின் தோலில் இருப்பது. ஈரமும் ஒவ்வாமையும் சேரும்போதுதான் மிகுந்து, பழுப்பு நிற அழுக்கையும் புளித்த வாடையையும் உண்டாக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே பிசுபிசுக்கும் உங்கள் கரையோரத்தில், கடல்நீர் தேங்கிய காது எளிதில் உலராது. உப்போ புண்ணை எரிக்கும். ஆகவே கடலில் குளிப்பாட்ட வேண்டாம். காது அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் ஈஸ்ட்டா, பாக்டீரியாவா, காதுச் சிற்றுண்ணியா என்பது தெரிந்துவிடும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் செவித்திறனையே பாதிக்கும். மருத்துவர் காதுக்குள் பார்க்கும்வரை எந்தச் சொட்டு மருந்தும் விட வேண்டாம்.