வாசகர் கேள்வி–பதில்: பள்ளிக்கூடத்தில் களப்பயிற்சி

பாடசாலை உளவியல் படிக்கும் முதுநிலை மாணவர்களின் களப்பயிற்சி பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகள் இம்முறை.

கேள்வி: அடுத்த தவணை புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வாரம் இரண்டு நாள் பயிற்சி. "பிள்ளையளின்ரை யுத்தப் பாதிப்பைப் பாருங்கோ" என்றே எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். முதல் வாரங்களில் என்ன செய்வது?
– மாணவி, கிளிநொச்சி

பதில்: யுத்தம் முடிந்தது 2009 மே மாதத்தில். இன்று தரம் 10இல் இருக்கும் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தது. பங்கருக்குள் இருந்தது அந்தப் பிள்ளையல்ல, தாயும் அம்மம்மாவும். அவர்கள் பட்டது வீட்டுக்குள் இன்னும் இருக்கலாம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாசிக்க முடியாத பிள்ளைக்கெல்லாம் யுத்தத்தைக் காரணமாக எழுதினால், கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குக் கண்ணாடி கிடைக்காது.

முதல் இரண்டு வாரமும் எந்தப் பிள்ளையையும் தனியாகக் கூப்பிட வேண்டாம். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக் கடிதத்தை அதிபரிடம் கொடுத்துவிட்டு, வரவு இடாப்பைக் கேட்டு வாங்குங்கள். வராத நாட்களை மாதவாரியாகக் குறியுங்கள். காலபோக அறுவடை நேரத்தில் மட்டும் வராத பிள்ளைக்கும், திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பிள்ளைக்கும், கணிதப் பாடவேளை இருக்கும் நாளில் வராத பிள்ளைக்கும் காரணம் வேறு வேறு. பாடசாலை மருத்துவப் பரிசோதனைப் பதிவில் பார்வை, செவிப்புலன் பற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். 'மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்புக' என்று எழுதியிருந்தால், உண்மையில் கூட்டிக்கொண்டு போனார்களா என்று வீட்டில் கேட்க வேண்டும். மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்வர ஒருநாள் கூலி போகும் என்பதால் கடிதம் பையிலேயே கிடந்திருக்கும்.

மூன்றாவது வாரம் வகுப்பறை அவதானிப்பு. பின்மூலையில் இருங்கள். முதல் நாள் எழுதியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிள்ளைகள் பாடத்தை விட்டுப் புது மிஸ்ஸைத்தான் பார்ப்பார்கள். 40 நிமிடப் பாடவேளையில் 20 நிமிடம் போதும். 15 செக்கனுக்கு ஒருமுறை நிமிர்ந்து, அந்தக் கணத்தில் நீங்கள் கவனிக்கும் பிள்ளை பாடத்தில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்தால் 80 குறிகள் வரும். அதே வகுப்பில் சாதாரணமான இன்னொரு பிள்ளையையும் அதே அளவு பாருங்கள். உங்கள் பிள்ளை 80இல் 44 (55%), மற்றப் பிள்ளை 68 (85%) என்றால் பேச இடமிருக்கிறது. மற்றப் பிள்ளையும் 46 என்றால் பார்க்க வேண்டியது பிள்ளையை அல்ல, அந்தப் பாடவேளையை. மூன்று வெவ்வேறு பாடங்களில் பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது.

இன்னொன்று. ஆசிரியர் வராத வகுப்புக்கு உங்களைத்தான் அனுப்பப் பார்ப்பார்கள். ஆசிரியர் பற்றாக்குறை உண்மைதான், அதிபரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒருமுறை பிரம்போடு நின்ற மிஸ்ஸிடம் பிள்ளை பிறகு வாய் திறக்காது. வகுப்பைப் பொறுப்பெடுக்க முடியாது என்று அதிபரிடம் முதற்சந்திப்பிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் 1200 மணித்தியாலம் என்று கண்டேன். எங்களுக்கு ஒரு தவணைதான். இது பயிற்சியா?
– மாணவர், வவுனியா

பதில்: அது அமெரிக்கப் பாடசாலை உளவியலாளர் சங்கத்தின் அளவுகோல். அங்கே 1200 மணித்தியாலம் என்பது படிப்பின் இறுதியில் வரும் உள்ளகப் பயிற்சி. அதில் குறைந்தது 600 பாடசாலையில் நடக்க வேண்டும். களப்பயிற்சி அதற்கு முந்திய படி. உங்களுடையது 12 வாரம், வாரம் 2 நாள், நாளுக்கு 6 மணித்தியாலம்: 144. இரண்டையும் ஒப்பிடவே முடியாது. கேட்க வேண்டியது வேறு: வாரம் ஒரு மணித்தியாலமாவது மேற்பார்வையாளர் உங்களோடு இருந்து உங்கள் குறிப்பை வாசிக்கிறாரா? மாத முடிவில் கையொப்பம் மட்டும் வைப்பவர் என்றால் 1200ம் வீண்தான்.

144க்குள் இரண்டு பிள்ளைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுபோகலாம். பத்துப் பேரைத் தொட்டுவிட்டுப் போவதைவிட அது மேல்.

கேள்வி: நுண்மதிச் சோதனைத் தாள்களின் போட்டோ பிரதி ஒருவரிடம் கிடைத்தது. தமிழில் மொழிபெயர்த்துச் செய்யலாமா?
– மாணவி, மல்லாவி

பதில்: கூடாது. பிரதி எடுப்பது பதிப்புரிமை மீறல் என்பது ஒரு பக்கம். மொழிபெயர்த்தவுடன் இலகுவிலிருந்து கடினத்துக்குப் போகும் வினா வரிசை குழம்பிவிடும். ஆங்கிலத்தில் கடினமான சொல் தமிழில் சோற்றுக்குப் பக்கத்தில் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் நியமப் புள்ளிகளும் வேறு நாட்டுப் பிள்ளைகளுடையவை. அந்த எண், பிள்ளையோடு வகுப்புக்கு வகுப்பு போகும் திரட்டுப் பதிவேட்டில் ஏறினால் தரம் 11 வரை இறங்காது.

பிள்ளையின் பலங்களையும் இடர்ப்பாடுகளையும் கேட்கும் எஸ்.டி.கியூ. (SDQ) வினாக்கொத்துக்குத் தமிழ்ப் படிவம் உண்டு. 25 வினா, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. மாணவர்கள் வழமையாகப் பிழை விடுவது இரண்டு இடத்தில்: 5 வினாக்களுக்குப் புள்ளி தலைகீழாகப் போட வேண்டும் என்பதை மறப்பது, மற்றவர்களோடு நல்லபடி நடப்பது பற்றிய 5 வினாவையும் மொத்தத்தில் கூட்டுவது. அதைக் கூட்டக் கூடாது, மொத்தம் 40க்குத்தான். இது சல்லடை மட்டுமே, நோய்ப்பெயர் தராது.

வாசிப்புக்கு நீங்களே அளக்கலாம். பாடநூலிலிருந்து மூன்று பந்தி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். 3 செக்கன் தடுமாறினால் சொல்லைச் சொல்லிக் கொடுத்துப் பிழையாகக் குறியுங்கள். தமிழில் 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல், 'பூ' என்பதும் ஒரு சொல். ஆகவே சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுங்கள். 62, 48, 55 வந்தால் நடுவிலுள்ள 55தான் தொடக்க அளவு. 'ழ'வை 'ள' போலச் சொன்னால் அது பேச்சு வழக்கு, பிழை அல்ல. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மாற்றினால் பிழை. எந்த வகைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்பதில்தான் அடுத்த வாரப் பாடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை அளந்து வரைபில் இடுங்கள். தொடக்க அளவிலிருந்து எட்ட வேண்டிய அளவுக்குக் கீறிய இலக்குக் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து 4 புள்ளி விழுந்தால் பிள்ளையைக் குறை சொல்லாமல் கற்பித்த முறையை மாற்றுங்கள்.

கேள்வி: என் வகுப்புப் பிள்ளை பயிற்சிக்கு வந்த மாணவியிடம் சொன்னதை அவ எனக்குச் சொல்லமாட்டன் என்கிறா. வகுப்பாசிரியருக்கு அந்த உரிமை இல்லையா?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: அவ செய்தது சரி, ரீச்சர். வகுப்பில் நீங்கள் செய்ய வேண்டியதை அவ சொல்ல வேண்டும். பிள்ளை சொன்ன கதையை அல்ல. விலக்கு மூன்று: பிள்ளை தனக்குத் தீங்கு செய்யக்கூடிய நிலை, பிறருக்குச் செய்யக்கூடிய நிலை, பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்வது. இதை முதற்சந்திப்பிலேயே பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும். துஷ்பிரயோகம் என்றால் பயிற்சியாளர் விசாரணை செய்யக் கூடாது. பிள்ளையின் சொல்லிலேயே எழுதி, அன்றைக்கே அதிபருக்கும் மேற்பார்வையாளருக்கும் அறிவிக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு யாரும் அழைக்கலாம். 'ஊருக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்' என்பதற்கு இங்கே இடமில்லை.

கேள்வி: தவணை முடிந்து போகும்போது பிள்ளைக்கு என்ன சொல்வது?
– மாணவர், முல்லைத்தீவு

பதில்: கடைசி நாளில் சொல்லாதீர்கள். ஒன்பதாம் வாரமே "இன்னும் மூன்று தரம் சந்திப்பம்" என்று கலண்டரில் காட்டுங்கள். தகப்பன் மத்திய கிழக்கில் இருக்கும் பிள்ளை, சொல்லாமல் போனவர்களை ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கும். பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு: என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை, அடுத்த தவணை யார் எந்த நாளில் பார்ப்பார். பிள்ளை சொன்ன வீட்டுக் கதை அதில் வேண்டாம். பன்னிரண்டாம் வாரம் நீங்கள், பிள்ளை, அந்த ஆசிரியர் மூன்று பேரும் ஒன்றாக இருந்து ஒப்படையுங்கள்.